போஸ்ட்கிரெஸ் ரிமோட்டில் கனெக்ட் ஆகவில்லையா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

சர்வருக்குள் லாகின் செய்து பார்த்தால் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் நன்றாக ஓடுகிறது, உங்கள் லேப்டாப்பிலிருந்து மட்டும் கனெக்ட் ஆக மாட்டேன் என்கிறது. உடனே நிறைய பேர் வந்த எரரை முழுதாகப் படிக்காமல், இணையத்தில் கண்ணில் பட்ட செட்டிங்கை எல்லாம் மாற்ற ஆரம்பித்துவிடுகிறார்கள். எல்லாத் தவறுக்கும் மூலம் இதுதான், ஏனென்றால் கனெக்‌ஷன் எந்த இடம் வரை போய் நின்றது என்பதை அந்த எரரே சொல்லிவிடும்.

வெகுநேரம் காத்திருந்து 'டைம்டு அவுட்' என்று வருகிறதா? அப்போது போஸ்ட்கிரெஸ் கான்ஃபிக் பக்கமே போகாதீர்கள். ஐபி தவறாக இருக்கலாம், இல்லாவிட்டால் வழியில் ஏதோ ஒரு ஃபயர்வால் தடுக்கிறது. கிளவுட் சர்வர் என்றால் பெரும்பாலும் கிளவுட் நிறுவனத்தின் பக்கம் செக்யூரிட்டி குரூப் ஒன்று, லினக்ஸுக்குள் இன்னொன்று என்று இரண்டு ஃபயர்வால் இருக்கும். ஒன்றைத் திறந்துவிட்டு மற்றதை மறப்பது சகஜம்.

'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்' என்று உடனே வந்தால் கதை வேறு. சில ஃபயர்வால்களும் இப்படிப் பதில் அனுப்பும் என்றாலும், பெரும்பாலும் நீங்கள் சர்வரை எட்டிவிட்டீர்கள், அந்த போர்ட்டில்தான் யாரும் இல்லை. போஸ்ட்கிரெஸ் இயல்பாக லோக்கல்ஹோஸ்டில், அதாவது அதே மெஷினுக்குள்ளிருந்து வருபவர்களுக்கு மட்டுமே காது கொடுக்கும். எந்த முகவரிகளில் கேட்க வேண்டும் என்று கான்ஃபிக்கில் சொல்லும் 'லிசன் அட்ரசஸ்' (listen_addresses) வரியை மாற்றியவர்கள் அதன் முன்னால் இருக்கும் # குறியை எடுக்காமல் விட்டுவிடுவார்கள், அல்லது வெறும் ரீலோட் செய்துவிட்டுக் காத்திருப்பார்கள். இந்த மாற்றத்துக்கு ரீஸ்டார்ட் கட்டாயம். அப்புறம், உபுண்டுவில் இரண்டு வெர்ஷன் இருந்தால் இரண்டாவது 5433 போர்ட்டில் ஓடிக்கொண்டிருக்கும், நீங்கள் வழக்கமான 5432-ஐத் தட்டிக்கொண்டிருப்பீர்கள்.

யார் எங்கிருந்து உள்ளே வரலாம் என்ற விதிகள் இருக்கும் 'பிஜி எச்பிஏ' (pg_hba.conf) கோப்பில் என்ட்ரி இல்லை என்று எரர் வந்தால் அது நல்ல செய்தி, நெட்வொர்க் சரியாக இருக்கிறது. ஆனால் இங்கேதான் அதிகத் தவறுகள் நடக்கின்றன. உங்கள் லேப்டாப்பின் 192.168 முகவரியைக் கோப்பில் எழுதிப் பயனில்லை, சர்வர் பார்ப்பது உங்கள் ரவுட்டரின் பொது ஐபியை. எந்த ஐபியிலிருந்து வந்தீர்கள் என்று எரரிலேயே இருக்கும், அதை எடுத்துப் போடுங்கள். அது ஐபிவி6 ஆக இருந்தால் ஐபிவி4 விதி எழுதி என்ன பயன்? விதிகள் மேலிருந்து கீழாகப் படிக்கப்படும், முதலில் பொருந்தும் வரியோடு தேடல் முடிந்துவிடும், அதனால் மேலே ஒரு 'ரிஜெக்ட்' இருந்தால் கீழே நீங்கள் சேர்த்த வரியை யாரும் பார்க்கப்போவதில்லை. கோப்பில் எழுத்துப்பிழை இருந்தாலோ, ரீலோட் செய்தபோதும் பழைய விதிகளே தொடரும். விவரம் லாகில் மட்டும் இருக்கும்.

பாஸ்வேர்ட் சரிதான், ஆனாலும் தவறு என்கிறதா? வெர்ஷன் 14-லிருந்து பாஸ்வேர்டை ஸ்க்ராம் (SCRAM) என்ற பாதுகாப்பான முறையில் சேமிப்பதுதான் இயல்பு. பழைய டேட்டாபேஸிலிருந்து வந்த யூசருக்குப் பழைய முறையான எம்டி5 (MD5) ஹாஷ் இருந்து, பிஜி எச்பிஏ கோப்பில் ஸ்க்ராம் என்று கேட்டிருந்தால், சரியான பாஸ்வேர்டும் தோற்கும். பாஸ்வேர்டை மறுபடி செட் செய்தால் போதும். இதையும் கிளையன்ட் சொல்லாது, சர்வர் லாகைப் பாருங்கள்.

இனி, தயவுசெய்து செய்யவே கூடாத ஒன்று: வேலை முடிந்தால் போதும் என்று 0.0.0.0/0 (எந்த ஐபிவி4 முகவரியும்) போட்டு 'டிரஸ்ட்' (பாஸ்வேர்ட் கேட்காமல் அனுமதி) கொடுப்பது. 2017 ஜனவரியில் ஹேக்கர்கள், இப்படிப் பாஸ்வேர்ட் இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்த ஆயிரக்கணக்கான மோங்கோடிபி டேட்டாபேஸ்களை அழித்துவிட்டு, பிட்காயின் கேட்டு மிரட்டல் குறிப்பு வைத்துப் போனார்கள். டாக்கர் பயன்படுத்துபவர்கள் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும், பப்ளிஷ் செய்த போர்ட், உபுண்டுவின் ஃபயர்வால் கருவியான யுஎஃப்டபிள்யூவின் (ufw) விதிகளைத் தாண்டி வெளியே திறந்துவிடும். 127.0.0.1-ஐ முன்னால் சேர்த்தே பப்ளிஷ் செய்யுங்கள்.

நீங்கள் ஒருவர் மட்டும் பார்க்கத்தான் ரிமோட் வேண்டும் என்றால் போர்ட்டைத் திறக்கவே தேவையில்லை, சர்வரில் லாகின் செய்யும் எஸ்எஸ்எச் வழியாகவே டேட்டாபேஸை எட்டும் எஸ்எஸ்எச் டனல் போதும், லிசன் அட்ரசஸையும் தொட வேண்டாம். லேப்டாப்பிலும் ஒரு போஸ்ட்கிரெஸ் ஓடுகிறது என்றால் டனலுக்கு 6543 மாதிரி வேறு லோக்கல் போர்ட் கொடுங்கள், இல்லாவிட்டால் சர்வர் என்று நினைத்து உங்கள் சொந்த டேட்டாபேஸுக்குள்ளேயே போய் டேபிளைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.