பேச்சு குலைந்தவரின் மனச்சோர்வைக் குரலில் தேடுவது எப்படி

பக்கவாதத்தால் அஃபேசியா (மூளை பாதிப்பால் பேசுவதும் புரிந்துகொள்வதும் குலையும் நிலை) வந்தவரிடம், மனச்சோர்வை அளக்கும் பி.எச்.கியூ-9 கேள்வித்தாளை நீட்டிப் பயனில்லை. கேள்வியே பாதிதான் புரியும். ‘ஆமாம்’ சொல்ல நினைத்து ‘இல்லை’ என்பவரும் உண்டு. பேச்சுப் பயிற்சியாளரான நான் குரலைப் பதிவு செய்து பார்க்கிறேன். அதிலும் ஒரு சிக்கல். மனச்சோர்வு பேச்சை மெதுவாக்கும், இடைவெளியை நீட்டும். சொல் கிடைக்காத தவிப்பும் அதையேதான் செய்யும். அதனால் அவரை அவருடைய பழைய பதிவோடு மட்டுமே ஒப்பிடுங்கள்.

ஒவ்வொரு முறையும் அதே கைபேசி, அதே அறை, வாயிலிருந்து ஒரு சாண் தூரம். மின்விசிறியை நிறுத்துங்கள். வாட்ஸ்அப் குரல் செய்தி வேண்டாம், ஒலியைச் சுருக்கிவிடும். ஒலியைச் சுருக்காத வேவ் (.wav) கோப்பாகச் சேமியுங்கள். பதிவுக்கு அவர் சம்மதத்தைத் தலையசைப்பிலாவது பெறுங்கள்.

முதலில் ஒன்று முதல் பத்து வரை எண்ணச் சொல்லுங்கள், பிறகு கிழமைகள். பேச்சு பெரும்பாலும் போனவர்களிடம்கூட இவை பல சமயம் தப்பிப் பிழைத்திருக்கும். இங்கே சொல் தேடும் வேலை குறைவு என்பதால், எண்களுக்கு நடுவே இடைவெளி வாரத்துக்கு வாரம் நீண்டால் நான் நிமிர்ந்து உட்காருவேன். குடும்பப் படத்தைக் காட்டிப் பேசவைப்பதெல்லாம் அடுத்தபடிதான்.

இடைவெளியையும் சுருதியையும் (குரலின் ஏற்ற இறக்கத்தை) அளக்க, ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான பிராட் என்ற இலவச மென்பொருள் போதும். சுருதி எல்லையை ஆண்களுக்கு 75–300 ஹெர்ட்ஸ், பெண்களுக்கு 100–500 என வைத்துத் தொடங்கலாம். கரகரத்த குரலில் சுருதிக் கோடு தாறுமாறாகத் தாவும்; அப்போது இடைவெளியை மட்டும் நம்புங்கள்.

உணர்ச்சியைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் செயலிகள் மீது எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு பெரியவர் எந்நேரமும் கோபத்தில் இருப்பதாக ஒரு செயலி சொன்னது. ஆடு மேய்த்தவர் ஐயா அவர், குரலே அப்படித்தான்!

பேரன் பெயரைக் கேட்டதும் பொங்கி அழுது சட்டென நிறுத்துவது, மனச்சோர்வு இல்லாமலே மூளை பாதிப்பால் வரலாம். தூக்க மாத்திரையும் பேச்சை மந்தமாக்கும். ஆகவே குரலில் மாற்றம் தெரிந்தால், எஸ்.ஏ.டி.கியூ-10 என்ற, அஃபேசியா உள்ளவரின் மனச்சோர்வைப் பிறர் பார்த்து நிரப்பும் படிவத்தை உடனிருப்பவரிடம் கொடுங்கள். கண்ணைப் பார்க்கத் தவிர்க்கிறாரா, இரவில் அமைதியின்றித் தவிக்கிறாரா என்று அது கேட்கும். நோயாளி பேசவே தேவையில்லை. குரலும் படிவமும் இரண்டுமே மனச்சோர்வைக் காட்டினால், பதிவுகளோடும் மாத்திரைப் பட்டியலோடும் மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள்.

பேச்சு திடீரென்று குழறினால் மட்டும் எதையும் அளக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.