யுகோஸ்லாவியக் கால்பந்து அணியின் வரலாற்றை எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உலகக் கோப்பைப் பட்டியல்களில் யுகோஸ்லாவியா என்ற பெயரைக் காணும் இடத்திலெல்லாம் ஒரே நாட்டைத்தான் குறிப்பதாகக் கொள்வது முதல் தவறு. ஏனைய தவறுகளில் பலவும் இதிலிருந்தே கிளைக்கின்றன. 1930இல் மான்டிவிடியோவில் ஆடியது மன்னராட்சி நாடு. 1950 முதல் 1990 வரை ஆடியது ஆறு குடியரசுகள் சேர்ந்த சோஷலிசக் கூட்டாட்சி. 1998இல் பிரான்சுக்குச் சென்றதோ செர்பியாவும் மான்டினீக்ரோவும் மட்டுமே எஞ்சியிருந்த நாடு. அதே போட்டியில் குரோஷியா தனி அணியாக ஆடி மூன்றாம் இடம் பெற்றது. 2006இல் செர்பியா-மான்டினீக்ரோ என்ற பெயரில் ஓர் அணி ஜெர்மனியில் ஆடியபோது அப்படியொரு நாடே இல்லை. போட்டி தொடங்குவதற்குச் சில நாட்களுக்கு முன் மான்டினீக்ரோ விடுதலையை அறிவித்துவிட்டது.

பழைய சாதனைகள் யாருக்குச் சேரும் என்பதில் அடுத்த குழப்பம் எழுகிறது. ஃபிஃபா அவற்றைச் செர்பியாவின் கணக்கில் வைக்கிறது. நிர்வாக வசதிக்கு அது பொருந்தலாம். ஆனால் அதைக் கொண்டு 1962இல் சிலியில் நான்காம் இடம் பெற்றது செர்பிய அணி என்று எழுதுவது சரியல்ல. அந்தப் போட்டியில் நான்கு கோல் அடித்து, கோல் பட்டியலின் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்ட டிராசன் யெர்கோவிச் ஒரு குரோஷியர். பின்னாளில் குரோஷிய அணிக்கே பயிற்சியாளராக இருந்தவர். இதற்கு மாறாக, எல்லாக் காலத்திலும் எல்லா இனத்தவரும் அணியில் இருந்தார்கள் என்பதும் பிழையே. கால்பந்துச் சங்கத்தின் தலைமையகம் குரோஷியாவின் ஸாக்ரெப்பிலிருந்து செர்பியாவின் பெல்கிரேடுக்கு மாற்றப்பட்ட பூசலால், 1930இல் குரோஷிய வீரர்கள் அணியில் இடம்பெறவில்லை. அந்த அணி பிரேசிலை 2-1 என வென்று அரையிறுதி வரை சென்று, உருகுவேயிடம் 6-1 எனத் தோற்றது. மூன்றாம் இடத்துக்கென அப்போது ஆட்டம் எதுவும் நடத்தப்படவில்லை என்பதால், அதன் தரவரிசையை எழுதும்போது கவனம் வேண்டும்.

1990 காலிறுதியைப் பற்றித்தான் மிகையான எழுத்து அதிகம். ஃபுளோரன்சில் அர்ஜென்டினாவுக்கு எதிராக ரெஃபிக் ஷபனஜோவிச் 31ஆம் நிமிடத்திலேயே வெளியேற்றப்பட்டார். அதன் பிறகு பத்துப் பேராகக் கூடுதல் நேரமும் ஆடி, கோல் விடாமல் பெனால்டி ஷூட்அவுட் வரை இழுத்துச் சென்றதுதான் அந்த ஆட்டத்தின் அருமை. மரடோனாவின் உதையையே கோல்கீப்பர் இவ்கோவிச் தடுத்தார். ஆயினும் ஃபாருக் ஹஜிபெகிச்சின் கடைசி உதை தடுக்கப்பட, யுகோஸ்லாவியா 3-2 எனத் தோற்றது. அந்தப் பந்து வலைக்குள் சென்றிருந்தால் நாடு உடைந்திருக்காது என்று எழுதுவது கேட்க நன்றாக இருக்கலாம், வரலாறாகாது. காலிறுதி நடந்த அதே ஜூன் மாதத் தொடக்கத்தில் ஸாக்ரெப்பில் நடந்த நட்பு ஆட்டத்தில், சொந்த நாட்டின் தேசிய கீதத்தையே அரங்கிலிருந்தோர் கூச்சலிட்டு அவமதித்திருந்தனர்.

1992 யூரோ கோப்பைக்கு யுகோஸ்லாவியா தகுதி பெறவில்லை என்றோ, தானாக விலகியது என்றோ எழுதுவோர் உண்டு. டென்மார்க்கை இரண்டாம் இடத்துக்குத் தள்ளி அது தகுதி பெற்றது. தகுதிச் சுற்றில் மாசிடோனியரான டார்கோ பான்செவ் 10 கோல் அடித்திருந்தார். மே மாதம், தன் சொந்த ஊரான போஸ்னியத் தலைநகர் சரயேவோ முற்றுகையிடப்பட்டிருந்தபோது, பயிற்சியாளர் இவிட்சா ஓசிம் பதவி விலகினார். மே 30 அன்று ஐ.நா. பாதுகாப்பு மன்றம் யுகோஸ்லாவியா மீது தடை விதித்ததைத் தொடர்ந்து அணி போட்டியிலிருந்து நீக்கப்பட்டது. அதன் இடத்தில் சேர்க்கப்பட்ட டென்மார்க் கோப்பையையே வென்றது.

ஒலிம்பிக் முடிவுகளை ஒதுக்கிவிடுவதும் குறைதான். 1948, 1952, 1956 ஆகிய மூன்றிலும் வெள்ளி, 1960இல் ரோமில் தங்கம் என்பது சிறிய சாதனை அன்று. இந்திய வாசகருக்கு இதில் தனி ஆர்வமும் இருக்கும்: 1952இல் ஹெல்சின்கியில் இந்தியாவை 10-1 என நொறுக்கியதும், 1956இல் மெல்போர்ன் அரையிறுதியில் 4-1 என வென்றதும் இந்த அணியே.

தனி வீரர்களின் கணக்கிலும் இதே கவனம் தேவை. ராபர்ட் ப்ரொசினெச்கி 1990 உலகக் கோப்பையில் யுகோஸ்லாவியாவுக்காகவும் 1998இல் குரோஷியாவுக்காகவும் கோல் அடித்தவர். ஒரு நாட்டின் பட்டியலை மட்டும் பார்த்து எழுதினால் அவருடைய கோல்களில் ஒரு பகுதி விடுபட்டுப் போகும்.