இத்தாலியில் பக்கத்து ஊருக்குப் போக அதிவேக ரயில் வேண்டாம்

கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஜோடியாக இத்தாலி சுற்றுபவர்கள், பக்கத்துப் பக்கத்து நகரங்களுக்கு 'ரெஜியோனாலே' என்ற வட்டார ரயிலில் போங்கள். இதன் கட்டணம் தூரத்தைப் பொறுத்தது. பண்டிகை நெருங்கினாலும் ஏறாது, கிளம்பும் நாளில் வாங்கினாலும் அதே விலைதான். அதிவேக ரயில்களிலோ விடுமுறைக் காலம் முடியும் ஜனவரி 6 வரை நெரிசல், கடைசி நேர டிக்கெட் விலை எகிறிவிடும். வெனிஸிலிருந்து வெரோனாவுக்கு வேகமான வட்டார ரயில் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடுகிறது. அதிவேக ரயிலில் மிச்சமாவது ஏறக்குறைய இருபது நிமிடம்தான். அதற்காக இரண்டு பேருக்கும் கூடுதலாகக் கொடுப்பது வீண். ஃபிளாரன்ஸ்–பீசா, வெனிஸ்–பதுவா பயணங்களுக்கும் இதுவே நல்லது.

ஒன்றை மறக்கவே கூடாது: காகித டிக்கெட் என்றால் ஏறுமுன் நிலையத்தில் உள்ள சிறு இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும், செல்போன் டிக்கெட் என்றால் 'செக்-இன்' செய்ய வேண்டும். இல்லாவிட்டால் அபராதம் கட்ட நேரிடும்.

ரோம்–மிலன் போன்ற நீண்ட தூரத்துக்கு வட்டார ரயில் சரிப்படாது. அதிவேக ரயிலில் மூன்று மணி நேரம் சொச்சம். வட்டார ரயிலில் மாறி மாறி ஏறினால் ஒரு பகலே போய்விடும். அந்த அதிவேக ரயில் டிக்கெட்டை மட்டும் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.