சேரரின் விற்கொடி: பொருளறிந்து தைக்கும் முறை

சேலம் வட்டாரத்துப் பள்ளிக் கண்காட்சிக்கோ தமிழ் விழாவுக்கோ கொங்கு நாட்டின் பழங்கொடியான சேரரின் விற்கொடியைச் செய்ய நினைப்பவர்கள், புலியும் மீனும் வில்லும் சேர்ந்த படத்தைப் பல நேரம் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். துணியை வெட்டுவதற்கு முன்பே அந்தக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது.

முதல் படி, சின்னத்தைத் தெளிவது. சேரருக்கு வில், சோழருக்குப் புலி, பாண்டியருக்கு மீன் என்பதே மரபு. மூன்றும் ஒன்றாக இருப்பது சோழப் பேரரசின் முத்திரை. இராசேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டு முத்திரையில் புலி அமர்ந்திருக்க, அதன் முன்னே இரு மீன்களும் கீழே வில்லும் இருக்கின்றன. மேலே குடையும் இரு பக்கமும் சாமரங்களும் உண்டு. மற்ற இரு வேந்தரையும் வென்றடக்கியதைச் சொல்லும் அந்த முத்திரையைச் சேரர் கொடியாகப் பிடிப்பது, சேரரின் தோல்வியை அவர்களுடைய அடையாளமாகக் காட்டுவதாகும். ஆகவே, நம் கொடியில் வில்லும் அம்பும் மட்டுமே இருக்கட்டும்.

இரண்டாம் படி, அந்த வில் நம் நிலத்துக்கு எப்படி உரியது என்பதை அறிவது. 1965 வரை சேலம் மாவட்டத்தில் இருந்த தருமபுரிதான் அதியமான்களின் தகடூர். அதை வென்றதாலேயே சேர மன்னன் ஒருவன் 'தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை' எனப்பட்டான். 1997இல் நாமக்கல் மாவட்டத்தோடு சேலத்திலிருந்து பிரிந்த கொல்லிமலையை ஆண்டவன் வல்வில் ஓரி. அவன் எய்த ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் துளைத்ததாகப் புறநானூறு பாடுகிறது. அவனை மலையமான் திருமுடிக்காரி கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான். வில்லாண்மைக்குப் பெயர்பெற்ற அந்த மலை விற்கொடி வேந்தரிடம் சேர்ந்த அந்தச் செய்தி, இக்கொடியைச் செய்பவர் கட்டாயம் அறிந்திருக்க வேண்டியது என்று கருதுகிறேன்.

மூன்றாம் படி, வில்லை வரைவது. கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்த சங்ககாலச் சேரர் செப்புக் காசுகளில் ஒருபுறம் யானையும் மறுபுறம் வில்லும் அம்பும் உள்ளன. காலண்டர் படங்களில் காணும் பூவேலைப்பாட்டு வில்லை விட்டுவிட்டு, காசில் உள்ளதைப் போன்ற எளிய, நாணேற்றிய வில்லையே தாளில் வரைந்து அச்சாக வெட்டிக்கொள்ளுங்கள். ஓரத்தில் அணி வேண்டுமானால் சேரரின் பூவான பனம்பூவை வரையலாம். ஆத்தியும் வேம்பும் முறையே சோழ, பாண்டியருக்கு உரியவை.

அடுத்தது தையல். 90 செ.மீ. நீளமும் 60 செ.மீ. அகலமும் உள்ள கெட்டியான பருத்தித் துணி போதும். நிறத்தை நீங்களே தேர்ந்துகொள்ளலாம்; எனக்குச் செம்மண் நிறம் பிடிக்கும். கறுப்புத் துணியில் வில்லம்பின் உருவத்தை இரண்டு படிகளாக வெட்டி, இருபுறமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்துமாறு வைத்துத் தைத்தால், எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் சின்னம் தெரியும். அம்பின் முனை கம்பத்துக்கு எதிர்ப்புறம் நோக்க வேண்டும். கம்பத்தை ஒட்டிய ஓரத்தை இரண்டாக மடித்துத் தைத்து, உள்ளே கயிற்றைக் கோத்துவிடுங்கள்.

விழாவில் தேசியக் கொடியும் ஏற்றப்படுமானால், விற்கொடியை அதே கம்பத்தில் கட்டக் கூடாது. அதைவிட உயரமாகவோ அதற்கு இணையாக அருகிலோ வைப்பதற்கும் இந்தியக் கொடி விதிகள், 2002 இடம் தருவதில்லை. கண்காட்சிக் கூடத்தின் உட்சுவரில், வில்லின் வரலாற்றை எழுதிய அட்டையோடு தொங்கவிடுவதே பொருத்தமானது.