மைய விசைக் கணக்கில் தூரத்தை எங்கிருந்து அளப்பது?

திருவொற்றியூரில் எங்கள் மொட்டை மாடியில் பி.எஸ்சி. பிள்ளைகளுக்கு மாலையில் இயற்பியல் சொல்லித் தருகிறேன். வானம் தெளிவாக இருந்தால், ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் வடக்கே நெருப்புப் புள்ளியாக ஏறுவது அங்கிருந்தே தெரியும். மைய விசைப் பாடத்தை, அதாவது எப்போதும் ஒரே புள்ளியை நோக்கி இழுக்கும் விசையின் பாடத்தை, எடுக்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

முதலில் கணக்கு வேண்டாம். காசிமேட்டில் கிடைக்கும் தங்கூஸை (நைலான் தூண்டில் நரம்பை)ப் பழைய பேனாக் குழாய் வழியாக விட்டு, நுனியில் ஈயக்குண்டு கட்டிச் சுழற்றுங்கள். மறுமுனையை மெல்ல இழுங்கள். சுற்றும் வட்டம் பாதியாகச் சுருங்கும்போது குண்டின் வேகம் இரு மடங்காகும். விரலை அறுக்கிற மாதிரி இழுக்கும். இழுப்பு எப்போதும் மையத்தை நோக்கியே இருப்பதால் கோண உந்தம் (நிறை, தூரம், ஆரத்துக்குச் செங்குத்தான வேகம் மூன்றின் பெருக்கல்) மாறுவதில்லை. தூரம் குறைந்தால் வேகம் கூடியே ஆக வேண்டும்.

சரி, இப்போது கணக்கு. ஒரு செயற்கைக்கோளின் தாழ்ந்த உயரம் 180 கி.மீ., உச்ச உயரம் 36,000 கி.மீ. தாழ்முனையில் வேகம் நொடிக்கு 10.27 கி.மீ. உச்சியில் எவ்வளவு?

ஒவ்வொரு வருடமும் பாதிப் பேர் 36,000-ஐ 180-ஆல் வகுத்து, வேகம் 200 மடங்கு குறையும் என்பார்கள். அப்படியானால் மணிக்கு 185 கி.மீ.தான் வரும், ரயில் வேகம்! தூரத்தைத் தரையிலிருந்து அளந்ததுதான் தப்பு. விசையின் மையம் பூமியின் நடுவில் இருக்கிறது. இரண்டிலும் பூமியின் ஆரமான 6,371-ஐக் கூட்டுங்கள்: 6,551, 42,371. விகிதம் 6.47. தூரத்தையும் வேகத்தையும் பெருக்கினால் இரு முனையிலும் ஒரே எண் வர வேண்டும், ஆகவே 10.27-ஐ 6.47-ஆல் வகுங்கள்: விடை நொடிக்கு 1.59 கி.மீ.

தூரத்தையும் வேகத்தையும் இப்படி நேரடியாகப் பெருக்குவது இந்த இரண்டு முனைகளில் மட்டும்தான் செல்லும். மற்ற இடங்களில் ஆரத்துக்குச் செங்குத்தான வேகக்கூறை மட்டும் எடுக்க வேண்டும்.

அப்புறம் ஆற்றலை வைத்துச் சரிபாருங்கள். வேக வர்க்கத்தில் பாதியிலிருந்து, 398,600-ஐ (ஈர்ப்பு மாறிலியைப் பூமியின் நிறையால் பெருக்கியது, கி.மீ., நொடி அலகில்) தூரத்தால் வகுத்து வருவதைக் கழியுங்கள். இரு முனையிலும் சுமார் −8.1 வரும். எதிர்க்குறி என்றால் செயற்கைக்கோள் பூமியின் பிடியில் இருக்கிறது, பாதை நீள்வட்டம். பூஜ்யம் என்றால் பரவளையம், நேர்க்குறி என்றால் அதிபரவளையம்.

விசை ஈர்ப்பு மாதிரி இல்லாமல் வேறு மாதிரி இருந்தால், தூரத்துக்கு எதிராக ஒரு வரைபடம் போடுங்கள். நிறையையும் தூர வர்க்கத்தையும் பெருக்கி வருவதன் இரு மடங்கால் கோண உந்த வர்க்கத்தை வகுத்து, அதை நிலை ஆற்றலோடு கூட்டி வரையுங்கள். மொத்த ஆற்றலுக்கு ஒரு கிடைக்கோடு இழுங்கள். கோடு வளைவை வெட்டும் இடங்களில் பொருள் திரும்பும். பள்ளத்தின் அடியைத் தொட்டால் பாதை வட்டம்.