கீரைக்கு மீன் அமிலம்: அளவு முக்கியம்

மீன் கழிவையும் வெல்லத்தையும் புளிக்கவைத்துச் செய்யும் தழைச்சத்து (நைட்ரஜன்) உரம்தான் மீன் அமிலம். மீன் கடையில் தலை, குடல், செதில் கேட்டால் பெரும்பாலும் சும்மாவே கொடுப்பார்கள். ஒரு கிலோ வாங்கி நறுக்கி, அதே எடைக்குப் பொடித்த வெல்லம் சேர்த்துப் பிசைந்து, ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விடாமல் பிளாஸ்டிக் வாளியில் மூடி, நாய் பூனை எட்டாத நிழலில் வைத்துவிடுங்கள். வாயு சேரும், அவ்வப்போது மூடியைத் திறந்து மூடுங்கள். 21 நாளில் தேன் பதத்துக்கு வரும். பழ வாடை வந்தால் சரி, அழுகல் நாற்றம் அடித்தால் வெல்லம் போதவில்லை, இன்னும் போடுங்கள்.

வடிகட்டி, லிட்டர் தண்ணீருக்கு 5 முதல் 10 மில்லி கலந்து மாலையில் தெளியுங்கள். இலை கரும்பச்சையாகத் தழைக்கும், ஆனால் அதைப் பார்த்து ஆசைப்பட்டு வாரம் மூன்று முறை அடிக்காதீர்கள், ஏனென்றால் தழைச்சத்து மிஞ்சினால் கீரையில் நைட்ரேட் ஏறும், வைட்டமின் சி குறையும், பூச்சியும் தேடி வரும். பதினைந்து நாளுக்கு ஒரு முறை போதும். அறுவடைக்கு ஒரு வாரம் முன்பே நிறுத்திவிடுங்கள்.

கீரையோடு தக்காளியும் வைத்திருந்தால், அதற்கு எலும்புத்தூள் போடலாம், மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சுண்ணாம்புச்சத்தும் (கால்சியம்) கிடைக்கும். ஆனால் களர் மண்ணிலும் (காரத்தன்மை மிகுந்த மண்) சுண்ணாம்பு மண்ணிலும் எலும்புத்தூள் பெரும்பாலும் கரையாது, காசுக்குக் கேடு.