சாமி உண்டா, கடவுள் உண்டா? மதுரைப் பக்கம் வீடு வீடாகக் கேட்டு எழுதப் போகிறவர்களுக்கு

“கடவுள் நம்பிக்கை உண்டுங்களா அய்யா?” என்று கேட்டால் “அதெல்லாம் கிடையாது தம்பி” என்பார். அதே ஆளிடம் “உங்க குலசாமி எது?” என்று கேட்டுவிட்டால் கோயில் எந்த ஊரில், பங்காளிகள் எத்தனை தலைக்கட்டு, போன மாசிக்கு எத்தனை கிடா என்று கால் மணி நேரம் நிறுத்தமாட்டார். இரண்டும் பொய்யில்லை. முதல் கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு வந்தால் உங்கள் தாளில் அவர் நாத்திகர். இரண்டாவதை மட்டும் கேட்டால் பக்திமான். கள ஆய்வுக்குக் கிளம்பும் கல்லூரிப் பிள்ளைகள் தடுக்கி விழும் முதல் இடம் இதுதான்.

எந்த மதத்தில் பிறந்து எழுதப்பட்டிருக்கிறார், என்ன செய்கிறார், எதை நம்புகிறார் என்ற மூன்றும் வேறு வேறு. தாளிலும் மூன்று தனிப் பகுதியாகவே இருக்கட்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கேட்பது முதலாவதை மட்டும். 2011 கணக்கெடுப்பில் நாடு முழுக்க மதம் குறிப்பிடாதவர்கள் சுமார் 28.7 லட்சம் பேர், அதாவது 0.24 சதவீதம். இத்தனை பேர்தான் கடவுள் மறுப்பாளர்கள் என்று அதை வைத்துக் கட்டுரை எழுதினால் இரண்டு பக்கமும் தவறு. குறிப்பிடாதவர் நம்புகிறவராக இருக்கலாம். ‘இந்து’ என்று எழுதிக்கொடுத்த கறுப்புச்சட்டைக்காரர் நம்பாதவராக இருக்கலாம். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2019–20இல் இந்தியாவில் ஏறத்தாழ 30,000 பேரிடம் கேட்டது. 97 சதவீதம் பேர் கடவுளை நம்புவதாகச் சொன்னார்கள். ஆனால் பௌத்தர்களில் மூன்றில் ஒருவர் எந்தக் கடவுளையும் நம்பவில்லை. மதம் உண்டு, கடவுள் இல்லை. கீழக்குயில்குடிச் சமணர்மலையில் தீர்த்தங்கரர்கள் மேலே கல்லில் இருக்க, அடிவாரத்தில் அய்யனாரும் கருப்பும் பூசை வாங்கும் ஊரில் இதைப் புரிந்துகொள்வது சிரமமில்லை.

சொல்லைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வேலை. ‘கடவுள்’ என்பது மேடைச் சொல், பாடப்புத்தகச் சொல். அதைக் கேட்டதும் பெரியார், பட்டிமன்றம், பகுத்தறிவு என்று மனசு அந்தப் பக்கம் ஓடும். ‘சாமி’ என்றால் சிலை, கோயில், பொங்கல், பயம். கத்தோலிக்க வீட்டில் ‘சாமி’ பங்குத்தந்தையையும் குறிக்கும். பெந்தெகொஸ்தே வீட்டில் “சாமி கும்பிடுவீங்களா?” என்றால் “நாங்க அதெல்லாம் கும்பிடுறதில்ல” என்று பதில் வரும், நம்பிக்கையில்லாதவர் என்று குறித்துவிடாதீர்கள். அங்கே ‘ஆண்டவர்’, ‘ஜெபம்’. கோரிப்பாளையம், நெல்பேட்டைப் பக்கம் ‘அல்லாஹ்’, ‘தொழுகை’. ‘நாத்திகர்’ என்ற சொல்லைக் கேள்வியில் எங்கும் வைக்காதீர்கள். ஒருவருக்கு அது பதக்கம், அடுத்த வீட்டு அப்பத்தாவுக்கு வசவு. “உங்க மதம் என்ன?” என்பதும் இங்கே பாதி இடத்தில் சாதியைச் சொல்லவைக்கும். “சர்டிபிகேட்ல மதம்னு என்ன போட்டிருக்கு?” என்று கேட்டால் நேரான பதில் கிடைக்கும்.

நம்பிக்கைக் கேள்விக்கு ஆறு படிகள் போதும். பன்னாட்டுச் சமூக ஆய்வுத் திட்டம் 1991 முதல் மதம் பற்றிய தன் சுற்றுகளில் கேட்டுவரும் அடுக்கு இது. மதுரைப் பேச்சுக்கு மாற்றினால் இப்படி வரும்:

அ. கடவுள்னு ஒண்ணும் கிடையாது.
ஆ. இருக்கா இல்லையான்னு தெரியலை, தெரிஞ்சுக்க வழியும் இல்லை.
இ. ஆளா, உருவமா ஒரு கடவுள் இல்லை. ஆனா ஏதோ ஒரு சக்தி இருக்கு.
ஈ. சில நேரம் நம்பிக்கை வரும், சில நேரம் வராது.
உ. சந்தேகம் இருக்கு, இருந்தாலும் நம்புறேன்.
ஊ. நிச்சயமா இருக்கு, சந்தேகமே இல்லை.

இதை அப்படியே கேட்டால் இங்கே ஒரு சிக்கல் வரும். உலகத்தைப் படைத்த ஒரே கடவுளை மனதில் வைத்துச் செய்த அடுக்கு இது. நம் பக்கத்துக் குலசாமிகளில் பலர் ஒரு காலத்தில் மனிதர்களாக இருந்து, வெட்டுப்பட்டோ தீயில் விழுந்தோ செத்து, பிறகு தெய்வமானதாகச் சொல்லப்படுகிறவர்கள். மதுரை வீரன் உலகத்தைப் படைத்தாரா என்று யாரும் யோசித்ததில்லை. அவர் காவல் நிற்கிறாரா என்பதுதான் கேள்வி. ஆகவே அடுக்கை இரண்டு தடவை கேளுங்கள். முதலில் “உங்க குலசாமி, காவல் தெய்வம், உங்களைப் பாத்துக்குதுன்னு நினைக்கிறீங்களா?” என்று ஒரு தடவை. பிறகு “இந்த உலகத்தையே படைச்ச ஒருத்தர்?” என்று இன்னொரு தடவை. முன்னதற்கு ‘ஊ’வும் பின்னதற்கு ‘ஆ’வும் சொல்பவர்களைப் பார்த்துத் திகைக்க வேண்டாம், அதைத் தேடித்தான் போகிறீர்கள். குலசாமி வழக்கம் இல்லாத வீட்டில் முதல் தடவையைத் தாண்டிவிட்டு ‘பொருந்தாது’ என்று குறியுங்கள்.

சில பதில்கள் காதுக்கு இனிமையாக இருக்கும், தாளுக்கு ஆகாது. “அம்மா அப்பாதான் கடவுள்.” “உழைப்புதான் தெய்வம்.” “இயற்கைதான்.” “ஒன்றே குலம், ஒருவனே தேவன்.” கடைசி வரி திருமந்திரத்திலிருந்து வந்து, அண்ணாவால் அரசியல் மேடைக்குப் போனது, சொல்பவர் திருமூலரைச் சொல்கிறாரா கட்சியைச் சொல்கிறாரா என்று வெளியே தெரியாது. எதையும் ‘நம்புகிறார்’ என்று குறிக்காமல் ஒரே ஒரு தடவை கிளறுங்கள்: “சரிங்க, அதைத் தாண்டி மேல ஒண்ணு இருக்குன்னு நினைக்கிறீங்களா?” இதற்கும் அதே பதில் வந்தால் சொன்ன வார்த்தையை அப்படியே ஓரத்தில் எழுதிவிட்டு நகருங்கள். இரண்டாவது கிளறல் விவாதமாகும். விவாதத்துக்கு நீங்கள் போகவில்லை.

செய்கைக் கேள்விகளில் எது உதவாது என்பதை முதலில் சொல்லிவிடலாம். சித்திரா பௌர்ணமிக்கு அழகர் வைகையில் இறங்குவதைப் பார்க்கப் போனாரா என்பது நம்பிக்கையை அளக்காது. அது ஊர் விசேஷம், எல்லாரும் போவார்கள். தலைக்கட்டு வரி கொடுத்தாரா என்பதும் அப்படியே. கொடுக்காமல் ஊரில் இருக்க முடியாது. காதுகுத்துக்கும் கிடாவெட்டுக்கும் மாமன் முறைக்காரர் நம்பாவிட்டாலும் போய்த்தான் ஆகவேண்டும். எந்தச் செயலைக் கேட்டாலும் பக்கத்தில் ஒரு கட்டம் சேர்த்துக்கொள்ளுங்கள்: “நீங்களாப் போனீங்களா, கூப்பிட்டதுக்குப் போனீங்களா?” யாருக்கும் தெரியாமல் செய்வதுதான் கூடுதலாகப் பேசும். தனியாக இருக்கும்போது வேண்டிக்கொள்வாரா, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் மஞ்சள் துணியில் காசு முடிந்துவைப்பாரா, முடிவெடுக்கத் தெரியாதபோது பூக்கட்டிப் போட்டுப் பார்ப்பாரா என்பவை.

மறைமுகமாக ஒரு கேள்வியும் வைக்கலாம். அழகர்கோயிலில் பதினெட்டாம்படிக் கருப்பு சன்னதிக் கதவுக்கு முன்னால் சத்தியம் செய்து வழக்குத் தீர்ப்பது இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். “அங்க ஒருத்தர் பொய்ச் சத்தியம் பண்ணினா அவருக்கு என்ன ஆகும்?” என்று அடுத்தவரை வைத்துக் கேளுங்கள். “ஒண்ணும் ஆகாது”, “மனசாட்சி உறுத்தும்”, “ஊர் காறித்துப்பும்”, “கருப்பு விடாது” என்ற நான்கில் ஏதோ ஒன்றில் பெரும்பாலான பதில்கள் அடங்கும். ‘அ’ படியைத் தேர்ந்தவர் இங்கே “கருப்பு விடாது” என்றால் முதல் பதிலைத் திருத்தாதீர்கள். இரண்டையும் வையுங்கள்.

வரிசை முக்கியம். ஊர், வயது, வேலை என்று தொடங்கி, செய்கைகளைக் கேட்டு, பிறகு நம்பிக்கை, கடைசியில் மதம். மதத்தை முதலில் கேட்டால் அந்த மதத்துக்காரர் சொல்லவேண்டிய பதிலைத்தான் அடுத்த இருபது நிமிடமும் சொல்லிக்கொண்டிருப்பார். நம்பிக்கைக் கேள்வியை வாய்விட்டுக் கேட்டு வாய்விட்டுப் பதில் வாங்கவும் கூடாது. மாமியார் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது எந்த மருமகளும் ‘அ’ என்று சொல்லப்போவதில்லை. ஆறு படிகளையும் ஒரு சீட்டில் அச்சடித்து, அவரே டிக் அடித்து மடித்துக் கவரில் போட்டு ஒட்டச் சொல்லுங்கள். கவரில் தாள் எண் மட்டும் இருக்கட்டும், பெயர் வேண்டாம். பாதிச் சீட்டுகளில் ‘அ’ மேலே, பாதியில் ‘ஊ’ மேலே வருமாறு அச்சடிக்க வேண்டும். முதலில் கண்ணில் படுவதையே டிக் அடிப்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். சீட்டு வெள்ளையாக இருக்கட்டும். காவி, பச்சை, கறுப்பு, சிவப்பு எல்லாமே இங்கே ஏதோ ஒரு கட்சி அல்லது மதம். எழுதப்படிக்கத் தெரியாதவர்களுக்குப் படச்சீட்டு செய்து, படிகளை நீங்கள் வாசிக்க, அவர் படத்தில் குறிக்கட்டும். சூரியன், இலை, தாமரை, கை, முரசு, மாம்பழம், பானை, குக்கர் எல்லாம் போனபிறகு வீட்டுச் சாமானில் மிஞ்சுவது கொஞ்சம்தான். சீப்பு, பூட்டு, கரண்டி, கத்தரிக்காய் போல ஆறு படங்கள் வைத்துக்கொள்ளலாம்.

நெற்றியில் பட்டை, கழுத்தில் சிலுவை, கையில் மந்திரித்த கயிறு, கறுப்புச்சட்டை எதுவுமில்லாமல் போங்கள். வாசலில் சொல்லும் முதல் வரியிலேயே எந்தக் கல்லூரி, எதற்காக என்று சொல்லி, மதம் மாற்ற வரவில்லை, கட்சிக்காக வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் மூன்றாவது வீட்டுக்குள் செய்தி வேறுமாதிரி பரவியிருக்கும். கல்லூரிக் கடிதத்தை ஊராட்சித் தலைவரிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் முந்தின நாளே காட்டிவிடுங்கள்.

நேரம். மல்லிகைத் தோட்டம் உள்ள ஊர்களில் காலையில் பூப்பறிப்பு முடியும்வரை ஆள் இருக்காது. நூறு நாள் வேலை நடக்கும் நாளில் பகலில் பெண்கள் இருக்கமாட்டார்கள். விளக்கு வைக்கிற நேரத்தைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். உப்பு தீர்ந்தால்கூட ‘இல்லை’ என்று வாயால் சொல்லாத நேரம் அது. சாமி இல்லை என்ற வரியை அப்போது எப்படி வாசித்துக் காட்டுவீர்கள்? சித்திரைத் திருவிழா, மாசிச் சிவராத்திரிக் குலசாமிக் கும்பிடு, ரமலான், தவக்காலம், கார்த்திகை–மார்கழி மாலை போடும் காலம் ஆகியவற்றில் எடுத்தால் செய்கைக் கணக்கு ஏறித் தெரியும். ஆடி பிறந்தாலும் கூழும் தீச்சட்டியும்தான். ஓரளவு ஓய்ந்த மாதம் ஆனி. முழுக்க ஓய்ந்த மாதம் என்று மதுரைக்கு ஒன்று கிடையாது.

யாரைக் கேட்பது என்பதைத் தெருவில் நின்று முடிவு செய்யாதீர்கள். 300 வீட்டில் 15 வேண்டுமென்றால் இருபதுக்கு ஒன்று. ஒன்றிலிருந்து இருபதுக்குள் சீட்டெடுத்து அந்த வீட்டில் தொடங்கி, இருபது இருபதாகப் போங்கள். வீட்டுக்குள் போனதும் 18 வயது தாண்டியவர்களின் பெயர்களைச் சீட்டு எழுதிக் குலுக்கி, வந்தவரைத்தான் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லாத் தாளிலும் குடும்பத்தலைவரே பேசுவார். பூட்டிய வீட்டுக்குப் பதில் பக்கத்து வீட்டைப் பிடிப்பது இந்த வேலையில் நடக்கும் மிகப் பெரிய தப்பு. பகலில் வீட்டில் இருப்பவர்கள் வயதானவர்கள். வேலைக்குப் போன இளவட்டங்களைவிட அவர்கள் பதில் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். வேறு வேறு நேரத்தில் இன்னும் இரண்டு தடவை போய்ப் பாருங்கள். அப்போதும் பூட்டியிருந்தால் ‘கிடைக்கவில்லை’.

எத்தனை பேர்? 95 சதவீத உறுதியோடு ஐந்து சதவீதப் புள்ளி முன்னேபின்னே போதுமென்றால் 385. பத்துப் புள்ளி என்றால் 97. இது ஆட்களைச் சீட்டுக் குலுக்கி அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுத்தால்தான். பத்து ஊரில் நாற்பது நாற்பதாக எடுத்தால் ஒரே குலசாமிப் பங்காளிகள் ஒரே மாதிரி பதில் சொல்வார்கள். நாற்பது தாளில் இருபது ஆள் அளவுக்குத்தான் புதுச்செய்தி இருக்கும் என்று வைத்துக்கொண்டால் 770 தாள் வேண்டும். 400 பேரில் எட்டுப் பேர் ‘அ’ என்றால், அந்த எட்டை ஆண், பெண், படிப்பு என்று பிரித்துச் சதவீதம் போடாதீர்கள். ஒருவர்கூடச் சொல்லவில்லை என்றாலும் ‘நாத்திகரே இல்லை’ என்று எழுதக்கூடாது. ஒருவரும் சிக்காதபோது போடும் குறுக்குக் கணக்கு இது: மூன்றை 400ஆல் வகுத்தால் 0.0075, அதாவது 0.75 சதவீதம். அத்தனை பேர் வரை இருந்தும் உங்கள் கையில் சிக்காமல் போயிருக்கலாம்.

கிளம்புமுன் இருபது பேரிடம் ஒத்திகை பாருங்கள். பதில் வாங்கியதும் “இந்தக் கேள்வியைக் கேட்டதும் எந்தச் சாமி நினைப்பு வந்துச்சு?” என்று கேட்டு எழுதுங்கள். இருபது பேருக்கும் மீனாட்சிதான் வந்தார் என்றால் படைத்தவரைப் பற்றிய கேள்வி போய்ச் சேரவில்லை. வார்த்தையை மாற்றி, இன்னொரு இருபது பேர்.

தாளைக் கணினியில் ஏற்றும்போது ‘தெரியாது’, ‘சொல்ல விருப்பமில்லை’, ‘கேட்கவில்லை’ மூன்றுக்கும் தனி எண். ‘தெரியாது’ என்பது ‘ஆ’ படியும் அல்ல. அவர் கேள்வியை யோசிக்கவே இல்லாமலிருக்கலாம். ஓரத்தில் எழுதிய சொற்களைப் பதிவு முடிந்ததும் தூக்கிப் போடாமல் தாள் எண்ணோடு தனியாக ஏற்றிவையுங்கள். விரலை மேலே காட்டி “அவன் பாத்துக்குவான்” என்று மட்டும் சொன்னவர்கள் எத்தனை பேர் என்பதை அங்கிருந்துதான் எடுக்க முடியும்.